8,848 மீட்டர்... எங்கேர்ந்து தம்பி?



போன வாரம் ஒரு காலேஜ் கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தேன். பக்கத்து டேபிள்ல ஒரு தம்பி, முன்னாடி இருந்த சூடான சமோசாவைக்கூடக் கண்டுக்காம போனையே பார்த்துக்கிட்டிருந்தான். ஏதோ முக்கியமான மேட்டர் போலிருக்கேன்னு எட்டிப் பார்த்தேன் (தப்புதான், பழக்கதோஷம்). ஆச்சர்யம்! லவ் மெசேஜ் இல்லை. ‘இன்றைய பொது அறிவு: ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள்’.

“தினமும் வருமா தம்பி?”

“ஆமாண்ணா. ஒரு நாளைக்கு ஒண்ணு. எக்ஸாமுக்கு யூஸ் ஆகும்ல.”

“நேத்து என்ன வந்துச்சு?”

முழிச்சான்.

“சரி, அதை விடு. ஆக்டோபஸுக்கு ஏன் மூணு இதயம்? நமக்கெல்லாம் ஒண்ணை வெச்சுக்கிட்டே சமாளிக்க முடியலையே?”

“அதெல்லாம் அனுப்ப மாட்டாங்கண்ணா” என்றான், ரொம்ப நியாயமான முகத்தோடு.

நான் அவனைக் கிண்டல் பண்றதா நினைச்சுடாதீங்க. இந்தக் கேஸில் நான் பழைய குற்றவாளி.

எங்க வீட்ல காலை நேரம்னா ரேடியோதான். ஆல் இந்தியா ரேடியோவில் தென்கச்சி கோ.சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ வரும். வாயில் பிரஷ்ஷோட நின்னு கேட்டிருக்கேன். மேட்டர் சின்னதுதான். ஆனா அதைச் சுத்தி ஒரு கதை இருக்கும். கடைசியில் ஒரு ஜோக் வந்து விழும். அவர் மட்டும் சிரிக்கவே மாட்டார். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கும் தினம் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்கிற ஆசை வந்தது. 2003 ஜனவரி 1-ம் தேதி ஒரு குயர் நோட்டு வாங்கி, அட்டையில் ‘ஜி.கே.’னு கொட்டை எழுத்தில் எழுதி ஆரம்பிச்சேன்.

ஆனா ஆர்வக்கோளாறில் கதையை விட்டுட்டேன், ஜோக்கை விட்டுட்டேன், வெறும் தகவலை மட்டும் எழுதினேன். உலகின் உயரமான சிகரம் எவரெஸ்ட், 8,848 மீட்டர். சூரியக் குடும்பத்தின் ஒன்பதாவது கிரகம் புளூட்டோ. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி. சந்திரனிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரே கட்டடம் சீனப் பெருஞ்சுவர். இப்படியே போச்சு. ஃபைனல் இயர் வந்தப்போ கிட்டத்தட்ட 600 சேர்ந்திருந்தது. ஹாஸ்டல் பசங்க மத்தியில் எனக்கு ‘நடமாடும் லைப்ரரி’னு பேர் வேற. சும்மா சொல்லக் கூடாது, செம பந்தா விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

2004 செப்டம்பர். கேம்பஸ் இன்டர்வியூ. ரிட்டன் டெஸ்ட் தாண்டி, குரூப் டிஸ்கஷன் தாண்டி, கடைசி ரவுண்டுக்கு வந்தது எட்டே பேர். எடுக்கப்போறது நாலு பேரை. அப்பாவுக்கு அந்த வருஷம் பலா விளைச்சல் சரியில்லை (நாங்க பண்ருட்டிப் பக்கம்), என் பரீட்சை ஃபீஸே கைமாத்து வாங்கிக் கட்டினது. “இந்த வேலை கெடைச்சா உன் தங்கச்சிய காலேஜ்ல சேர்த்துடலாம்டா”ன்னு அம்மா முதல் நாள் ராத்திரி போன்ல சொல்லியிருந்தாங்க.

உள்ளே மூணு பேர். நடுவில் இருந்தவர் தலை முழுக்க வெள்ளை, மூக்கு நுனியில் கண்ணாடி. என் பயோடேட்டாவைப் புரட்டினவர் ஒரு இடத்தில் நின்னார்.

“ஹாபீஸ்... ஜி.கே. கலெக்ட் பண்றதா? வெரி குட். எவரெஸ்ட் எவ்வளவு உயரம் தம்பி?”

மனசுக்குள்ள விசில் அடிச்சது. “8,848 மீட்டர் சார்!”

“எங்கேர்ந்து?”

“சார்?”

“8,848 மீட்டர்ங்கிறியே, எங்கேர்ந்து அளந்தது?”

“அடிவாரத்துலேர்ந்து சார்.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேடம் தண்ணி குடிக்கிற மாதிரி சிரிப்பை மறைச்சாங்க. பல்பு நம்பர் ஒன்.

“சரி. எவரெஸ்ட் மேல முதல்ல ஏறினது எப்போ?”

“1953 சார். ஹிலாரி, டென்சிங்.” இது 214-வது பாயின்ட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

“ஆனா அதுதான் உலகத்துலயே உசரமான மலைனு 1856-லேயே சொல்லிட்டாங்களே? மேல யாருமே ஏறாம, நூறு வருஷத்துக்கு முன்னாடியே எப்படி அளந்தாங்க?”

நான் நோட்டை மனசுக்குள்ளே புரட்டினேன். 600 பாயின்ட்டில் ஒண்ணுலகூட ‘எப்படி’ங்கிற வார்த்தை இல்லை.

“தெரியல சார்.”

“பரவால்ல. இங்க எங்க தங்கியிருக்கே?”

“ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டேன் சார். இப்போ பரங்கிமலையில அக்கா வீட்ல.”

அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பார்த்தார். “பரங்கிமலையில இருந்துக்கிட்டா தெரியலைங்கிறே?” சிரிச்சுக்கிட்டே ஃபைலை மூடினார். “போய்த் தேடிப் பாரு.”

நாலு பேர் லிஸ்ட்டில் நான் இல்லை. அம்மாவுக்கு போன் பண்ண எஸ்.டி.டி. பூத்துக்குள்ளே போயிட்டு, நம்பர் சுத்தாமலே வெளியில வந்துட்டேன்.

கோபம்னா அப்படி ஒரு கோபம். அவர் மேலதான். எவரெஸ்ட்டுக்கும் பரங்கிமலைக்கும் என்ன சார் சம்பந்தம்? அந்தக் கோபத்தோடவே மறுநாள் எழும்பூர் கன்னிமாரா லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். ரெண்டு நாள் எழுந்திருக்கலை.

கதை 1802-ல ஆரம்பிக்குது பாஸ். வில்லியம் லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. நம்ம நாட்டை ஒழுங்கா அளந்து மேப் போடணும்னு கிளம்பினவர். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தோட நீளமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மத்த ரெண்டு பக்கத்தையும் டேப் வைக்காமலே கண்டுபிடிச்சுடலாம். நாமளும் ஸ்கூல்ல படிச்சு, பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்த அதே கணக்குதான். அவர் ஐடியா இதுதான்: முதல்ல ஒரே ஒரு கோட்டை மட்டும் நிஜமா, தரையில், மயிரிழை பிசகாம அளக்கணும். அதுக்கு மேல ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தோட பக்கத்து மேல இன்னொரு முக்கோணம். அப்படியே கோத்துக்கிட்டே போனா நாடு முழுக்க அளந்துடலாம்.

அந்த முதல் கோடு, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவில்! நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். இன்னிக்கு ஷேர் ஆட்டோவும் ஐ.டி. கம்பெனி பஸ்ஸும் முட்டி மோதுற அதே ஏரியாதான். 1802 ஏப்ரல் 10-ம் தேதி வேலையை ஆரம்பிச்சிருக்காங்க. நூறு அடி நீளமான எஃகுச் சங்கிலியை வெச்சு, கிட்டத்தட்ட 400 தடவை போட்டுப் போட்டு அளக்கணும். சென்னை வெயில்ல எஃகு நீண்டுடும்ல? அதுக்காகச் சங்கிலி மேல நிழல் போட்டு, தெர்மாமீட்டர் வெச்சு, சூட்டுக்கு எவ்வளவு நீளம் கூடியிருக்கும்னு அதையும் கணக்கில் கழிச்சிருக்காங்க. நாம கத்திரி வெயில்ல பைக் சீட்ல உட்காரவே யோசிக்கிறோம்.

அப்புறம் கோணம் அளக்கணும். அதுக்கு லண்டன்லேர்ந்து ஒரு தியோடலைட் கருவி கப்பல்ல வந்தது. எடை அரை டன். வர்ற வழியிலேயே பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சு மொரீஷியஸுக்குக் கொண்டுபோயிட்டாங்க. சண்டை நடக்கிற நேரம். ஆனாலும் இது அறிவியல் கருவின்னு தெரிஞ்சதும் மரியாதையா சென்னைக்கு அனுப்பி வெச்சிருக்காங்க. என்னா டீசன்ட்டான எதிரிங்க!

இந்தக் கருவியைத் தூரத்துப் புள்ளி தெரியிற மாதிரி ஏதாவது உயரமான இடத்தில் வைக்கணும். காவிரி டெல்டாவில் மலைக்கு எங்கே போறது? கண்ணுக்கெட்டின தூரம் வயலும் தென்னையும்தான். அதனால கோயில் கோபுரங்கள் மேல ஏத்தியிருக்காங்க. 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து மேல கயிறு கட்டித் தூக்கும்போது, கயிறு அறுந்து, அந்த அரை டன் கருவி போய்ச் சுவத்துல மோதிடுச்சு! கோணம் காட்டுற வட்டமே வளைஞ்சுபோச்சு. வேற யாராவது இருந்தா மூட்டையைக் கட்டியிருப்பாங்க. லாம்டன் ஒரு டென்ட்டுக்குள்ளே போய் உட்கார்ந்து, ஆறு வாரம் நெம்பி நெம்பியே அந்த வட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். நான் பெரிய கோயிலுக்கு நாலு தடவை போயிருக்கேன். விமானத்தோட நிழல் தரையில் விழாதுன்னு ஒரு புருடாவை நோட்ல எழுதியும் வெச்சிருந்தேன் (தாராளமா விழும், சாயங்காலம் போய்ப் பாருங்க). இந்த நிஜக் கதையை ஒருத்தரும் சொல்லலை.

லாம்டன் 1823-ல், வேலை பாதியில் இருக்கும்போதே, மகாராஷ்டிரா பக்கம் ஹிங்கன்காட்டில் இறந்துட்டார். அவர் விட்ட இடத்தில் பிடிச்சவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும், சுமார் 2,400 கிலோமீட்டர், முக்கோணம் முக்கோணமா கோத்து முடிச்சார். அதுக்கப்புறம் சங்கிலி கிழக்கே திரும்பி இமயமலை ஓரமாவே போச்சு. நேபாளத்துக்குள்ளே விடலை. அதனால பீகார் சமவெளியில் நின்னுக்கிட்டு, 160 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஒரு பனிச் சிகரத்தைப் பல இடங்களிலிருந்து குறி பார்த்துக் கோணம் எடுத்தாங்க. பேர்கூட வைக்கலை. வெறும் ‘15-ம் சிகரம்’.

அந்த எண்களை எல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தார்னு ஒரு வங்காளி. 1831-ல் டீன் ஏஜ் பையனா மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் சர்வேயில் சேர்ந்தவர். அவரோட உத்தியோகப் பேர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர்! நிஜமாத்தான். கணக்குப் போடுற ஆளுக்கு அப்போ அதுதான் பேர். நம்ம ஊர்ல முதல் கம்ப்யூட்டர்கள் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு ஆபீஸ் போயிருக்கு. காற்றில் ஒளி வளையிறது, பூமி உருண்டையா இருக்கிறது எல்லாத்தையும் கழிச்சு, 1852-ல் 15-ம் சிகரம்தான் உலகத்திலேயே உயரம்னு கண்டுபிடிச்சார் சிக்தார். திரும்பத் திரும்பச் சரிபார்த்து 1856-ல் அறிவிச்சாங்க: கடல் மட்டத்திலிருந்து 29,002 அடி. பேர் மட்டும் ரிட்டயர்ட் ஆகி ஊருக்குப் போயிருந்த எவரெஸ்ட்டுக்கு. அவரே வேண்டாம்னுதான் சொன்னார், இந்திக்காரங்க வாயில் என் பேர் நுழையாதுன்னு. இப்போ உலகத்தில் ஒருத்தர் வாயிலும் சரியா நுழையலை. அவர் குடும்பத்தில் உச்சரிச்சது ‘ஈவ்ரெஸ்ட்’! சிக்தாருக்கு 2004-ல் நம்ம தபால் துறை ஒரு ஸ்டாம்ப் போட்டுச்சு. நான் இன்டர்வியூவில் பல்பு வாங்கின அதே வருஷம்.

29,002 அடின்னா மீட்டர் கணக்கில் சுமார் 8,840. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சாட்டிலைட், ஜி.பி.எஸ். எல்லாம் வெச்சு அளந்து அறிவிச்சது 8,848.86 மீட்டர். மலைப் பக்கமே போகாம, 160 கிலோமீட்டர் தள்ளி நின்னு, பேப்பரும் பேனாவும் வெச்சுப் போட்ட கணக்கில் வித்தியாசம் வெறும் 9 மீட்டர். மூணு மாடி உயரம்!

ரெண்டாம் நாள் சாயங்காலம் லைப்ரரியிலிருந்து திரும்பி, பரங்கிமலை ஸ்டேஷன்ல இறங்கி, வீட்டுக்குப் போகாம நேரா மலை மேல ஏறினேன். முந்நூறு அடி உயரம்தான், மூச்சு வாங்கக்கூட இல்லை. மேலேர்ந்து பார்த்தா ஏர்போர்ட், தூரத்துல கடல், தெற்கே ஏதேதோ குன்று. அதில் ஒண்ணு பெரும்பாக்கமா இருக்கணும். அவர் மேல இருந்த கோபம் எப்போ போச்சுன்னே தெரியலை. இறங்கி வந்து அம்மாவுக்கு போன் பண்ணினேன். “வேலை கெடைக்கலம்மா”ன்னு சொல்லிட்டு, லாம்டன் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, “சரி, சாப்ட்டியா?”ன்னாங்க.

அப்புறம் என் நோட்டை எடுத்து ஒவ்வொரு பாயின்ட்டையும் ‘எங்கேர்ந்து?’னு விசாரிக்க ஆரம்பிச்சேன். வரிசையா விக்கெட் விழுந்துச்சு. சீனப் பெருஞ்சுவர் முதல்ல. சந்திரனை விடுங்க, 2003-ல் சீனாவோட முதல் விண்வெளி வீரர் யாங் லீவெய் பூமியைச் சுத்திட்டு வந்து, தன் கண்ணுக்கே சுவர் தெரியலைன்னு சொல்லிட்டார். சுவர் நீளம்தான், ஆனா அகலம் சில மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும்? ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா எழுதியே இருக்க மாட்டேன். 2006-ல் புளூட்டோவைக் கிரக லிஸ்ட்டிலிருந்து தூக்கினாங்க. ஹாக்கி? எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டா அறிவிக்கலைன்னு 2012-ல் மத்திய அரசே ஆர்.டி.ஐ. கேள்விக்குப் பதில் சொல்லிடுச்சு. இந்தியாவில் எத்தனை மாநிலம்கிற பாயின்ட் இன்னும் தமாஷ். 2000-ல் மூணு புது மாநிலம் வந்து 28 ஆச்சு, அதைத்தான் எழுதியிருந்தேன். 2014-ல் தெலங்கானா வந்து 29 ஆச்சு, அடிச்சுத் திருத்தினேன். 2019-ல் ஜம்மு காஷ்மீரை யூனியன் பிரதேசங்களா பிரிச்சதும் மறுபடி 28. அடிச்சதையே அடிச்சு, அந்தப் பக்கமே கிழிஞ்சுபோச்சு.

இதுக்காக ‘தினம் ஒண்ணு’ வேஸ்ட்னு சொல்ல வரலை. சொல்லப்போனா ஒரு நாளைக்கு ஒண்ணுங்கிறதுதான் சரியான டோஸ். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஆயிரம் பிட்டை முழுங்கி மறுநாள் ஹாலுக்கு வெளியிலேயே வாந்தி எடுக்கிற ஆசாமிகளைப் பார்த்துட்டுத்தான் இருக்கோம். ஆனா நான் இப்போ ஒரு விஷயத்தோட மூணு நாள் குடித்தனம் பண்றேன். முதல் நாள் விஷயம். ரெண்டாம் நாள், இது எப்படித் தெரிஞ்சது, யார் கண்டுபிடிச்சா. மூணாம் நாள், இன்னிக்கும் இது உண்மைதானா. வருஷத்துக்கு 365 வராது, 120 வரும். அந்த 120-ம் கூடவே இருக்கும்.

எங்கே தேடுறதுன்னு கேக்காதீங்க. உங்க ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல மஞ்சள் போர்டு இருக்கும். ஊர் பேருக்குக் கீழே எம்.எஸ்.எல்.னு போட்டு ஒரு எண் இருக்கும். சராசரி கடல் மட்டத்திலிருந்து அந்த ஸ்டேஷன் எவ்வளவு உயரம்னு அர்த்தம். ஊட்டி போர்டுல 2,200 மீட்டருக்கு மேல போட்டிருக்கும். ரயில் டிரைவர் அதைப் பார்த்துத்தான் ஸ்பீடை மாத்துவார்னு ஒரு ஃபார்வர்ட் மெசேஜ் ரொம்ப நாளா சுத்திக்கிட்டிருக்கு. மூணாம் நாள் கேள்வியைப் போட்டுப் பாருங்க. ஏத்த இறக்கத்தைச் சொல்ல தண்டவாளம் ஓரத்திலேயே தனியா கிரேடியன்ட் போஸ்ட் நட்டு வெச்சிருக்காங்களே, அப்புறம் எதுக்கு அவர் பிளாட்ஃபார்ம் போர்டைப் படிக்கணும்? கடல்ல அலையும் ஏத்த வத்தமும் நிக்காம இருக்கே, அதோட ‘மட்டம்’ எங்கே இருக்குன்னு யார் முடிவு பண்ணினா? பல வருஷம் அளந்து சராசரி எடுக்கிறாங்க. எங்கே நின்னு, எதை வெச்சு அளக்கிறாங்கங்கிறதை உங்களுக்கே விட்டுடறேன். லேட்டா வர்ற ரயிலுக்காக நிக்கும்போது யோசிக்க ஏதாவது வேணும்ல?

கேன்டீன் தம்பிகிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னேன்னு நினைக்கிறீங்களா? இல்லை. அவனுக்கு கிளாஸ் இருந்தது, எனக்கு டீ ஆறிப்போச்சு. நம்பர் மட்டும் கொடுத்துட்டு வந்தேன்.

நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ். ‘அண்ணா, ரெண்டு இதயம் செவுளுக்கு ரத்தம் அனுப்ப, மூணாவது உடம்புக்கு. நீந்தும்போது அந்த மூணாவது இதயம் நின்னுடுமாம். அதான் அது முடிஞ்சவரைக்கும் நீந்தாம தவழ்ந்தே போகுதாம். பாவம்ணா.’

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. ‘அதோட ரத்தம் நீலக் கலராம்ணா. ஏன்?’

‘நாளைக்குச் சொல்லு’ன்னு பதில் போட்டுட்டுப் படுத்தேன்.